மணிபல்லவமும் பழம்பிறப்பும்

ஒருவன் தான் வாழ்ந்து முடித்த வாழ்வையே மீண்டும் வாழ நேர்ந்தால் யாது செய்வான் என்னும் வினாவைக் கருவாகக் கொண்ட நாவல்கள் இருபதாம் நூற்றாண்டிலே மேனாடுகளிற் சில தோன்றின. உருசிய எழுத்தாளர் உஸ்பென்ஸ்கி 1915இல் வெளியிட்ட இவான் ஒசோக்கினின் கதை அவற்றுள் முற்பட்டவற்றுள் ஒன்று. மந்திரவாதி ஒருவனின் துணையாற் பன்னிரண்டு ஆண்டுகள் பின்சென்று பள்ளி மாணவனாக மீளும் ஒசோக்கின், இனி நடக்கப்போவது இன்னதென அறிந்திருந்தும், முன் செய்த பிழைகளையே மீண்டும் செய்கின்றான். அமெரிக்கரான கென் கிரிம்வுட் 1986இல் வெளியிட்ட நாவலின் தலைவனோ நாற்பத்து மூன்று வயதில் இறந்து, பதினெட்டு வயது இளைஞனாக விழித்தெழுகின்றான். அறிந்ததைக் கொண்டு செல்வம் ஈட்டுகின்றான். பின்னரும் அதே வயதில் இறக்கின்றான். இத்தகைய கதைகளைப் படிக்கும் தமிழ் வாசகர் இவற்றை முற்றிலும் புதியனவாகக் கொள்வதற்கு முன் தம் கையிலுள்ள ஒரு பழைய நூலை எடுத்து நோக்குதல் நன்று.

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையையே நாம் குறிப்பிடுகின்றோம். பௌத்தம் கூறும் மறுபிறப்பு ஒரே வாழ்வு மீளுதல் அன்று. பெயரும் ஊரும் உடலும் மாறுகின்றன. எனினும் இக்காப்பியத்தின் கதைப்பின்னலை ஊன்றி நோக்குவோர்க்கு, மாறிய உடல்களினூடே பழைய கதையொன்று திரும்பவும் நடப்பது புலனாகும். அதனைக் காப்பியத் தலைவி உணர்ந்துகொள்ளும் இடமாகப் புலவர் தெரிந்தெடுத்தது கடல் சூழ்ந்த மணிபல்லவம். அத்தீவு எமது யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சார்ந்தது என்பது ஈழத்து ஆய்வாளர் பலரின் முடிபு. அவ்விடம் எங்குள்ளது என்பது பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். பழம்பிறப்பை உணரும் இடமாக இக்கடற்கரை ஏன் கொள்ளப்பட்டது என்னும் வினாவே எமக்கு முதன்மையாகத் தோன்றுகின்றது.

முதலிற் கதையை நோக்குவாம். காந்தார நாட்டுக்கு உட்பட்ட பூர்வ தேயத்து மன்னன் அத்திபதியின் மகன் இராகுலன். அவன் மனைவி இலக்குமி. திட்டிவிடம் என்னும் பாம்பினால் இராகுலன் இறக்க, இலக்குமி தீப்புகுந்து உயிர்விட்டாள். அவ்விருவருமே புகார் நகரிற் சோழன் மகன் உதயகுமரனாகவும், கோவலனுக்கும் மாதவிக்கும் மகளாகிய மணிமேகலையாகவும் பிறக்கின்றனர். இலக்குமியின் தமக்கையரான தாரையும் வீரையும் முறையே மாதவியும் சுதமதியுமாகி மீண்டும் அவளுக்குத் துணையாக வருகின்றனர். கணவன், மனைவி, உடன்பிறந்தார் என்று அக்குடும்பம் ஏறக்குறைய முழுமையாக ஒரே நகரில் மறுபடியும் கூடிவிடுகின்றது. தாம் முன்னரும் ஒன்றாக வாழ்ந்தவர்கள் என்பதை மட்டும் அவர்களில் எவரும் அறியார்.

அறியாவிடினும் நெஞ்சம் அறிகின்றது. உவவனத்திலே பளிக்கறையுள் ஒளிந்து நிற்கும் மணிமேகலை, தன்னைக் கணிகையர் குலத்தாள் என இகழ்ந்து பேசிய உதயகுமரன்பாலே தன் நெஞ்சு செல்வதைக் கண்டு தானே திகைக்கின்றாள். காமத்தின் இயல்பு இதுதானோ எனச் சுதமதியிடம் கூறி வருந்துகின்றாள். அகத்திணை மரபிலே தோய்ந்த புலவரொருவர் இதனைக் கண்டதும் காதல் என்று பாடி அமைந்திருப்பர். சாத்தனார் அவ்வாறு அமையவில்லை. காதலெனத் தோன்றுவது பழம்பிறப்பின் தொடர்ச்சி என்று காரணங்காட்ட அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அன்றிரவே மணிமேகலா தெய்வம் அவளை எடுத்துச் சென்று மணிபல்லவத்திலே வைக்கின்றது. அங்குள்ள புத்த பீடிகையைக் கண்டவுடன் அவள் தன் முற்பிறப்பை உணர்கின்றாள். கணவனாயிருந்தவன் இப்போது எங்குளன் என்ற அவள் வினாவுக்குத் தெய்வம் விடை கூறும்போது, உவவனத்துத் திகைப்புக்கும் விளக்கம் கிடைக்கின்றது.

காப்பியத்தின் நடுப்பகுதியில் வரும் ஒரு செய்தி இவ்வமைப்பின் நுட்பத்தை நன்கு காட்டும். முற்பிறப்பில் இராகுலனும் இலக்குமியும் சாதுசக்கரன் என்னும் முனிவருக்கு உணவளித்தனர். அவ்வறத்தின் பயனே இப்பிறப்பில் மணிமேகலையைத் துறவுநெறியில் நிறுத்துகின்றது. அதே விருந்தின்போது உணவு சமைத்தவன் கால் இடறி வீழ்ந்தான், கலங்கள் சிதைந்தன, சினங்கொண்ட இராகுலன் அவனை வாளால் வெட்டி வீழ்த்தினான். அவ்வாளே இப்பிறப்பில் விஞ்சையன் காஞ்சனன் கையில் வந்து, தன் மனைவி காயசண்டிகையை நாடி வந்தவன் எனப் பிழைபடக் கருதப்பட்ட உதயகுமரனை வெட்டுகின்றது. ஒரு நாள், ஓர் உணவு, ஒரே இல்லம். மனைவிக்கு வீடுபேற்றின் வித்தும் கணவனுக்குக் கொலையின் வித்தும் அங்கேயே விதைக்கப்பட்டன. கொலைக்குப் பின்னர் இதனைக் கந்திற்பாவை எடுத்துரைக்கும் வரை வாசகருக்கும் இது தெரியாது. கதைசொல்லும் கலையிற் சாத்தனாரைச் சிறப்பில்லாதவராகக் கருதும் திறனாய்வாளர் இப்பகுதியை மீண்டும் படித்தல் தகும்.

அறிவு பெற்றவளாகிய மணிமேகலையின் நிலை யாது? இவ்விடத்திலேதான் சாத்தனார் மேனாட்டு நாவலாசிரியரிடமிருந்து வேறுபடுகின்றார். ஆனால் நாம் எதிர்பார்க்கும் முறையில் அன்று. உஸ்பென்ஸ்கியின் தலைவனுக்கு நினைவு பயன்படவில்லை. மணிமேகலைக்கோ நினைவு உடனே விடுதலை தந்தது என்று பொதுவாகக் கூறிவிடுகின்றனர். காப்பியம் அவ்வளவு எளிதாக நடைபெறவில்லை. உதயகுமரன் வெட்டுண்டு கிடக்கும்போது அவள் அவனைத் தன் கணவனாகவே விளித்து அழுகின்றாள். முன்னர் பாம்பினால் நீ மாண்டபோது நானும் தீயில் மாய்ந்தேன் என்று நினைவுகூருகின்றாள். அவனுடலை அணுக முற்படுகின்றாள். கந்திற்பாவை தடுத்திராவிடிற் பழங்கதை ஒருபடி மேலும் நிகழ்ந்திருக்கக்கூடும். அறிந்தவளும் பழைய வழியிலேயே காலெடுத்து வைக்கின்றாள் என்பதைப் புலவர் மறைக்கவில்லை. பீடிகை தந்த அறிவு அவளைத் துன்பத்தினின்று காக்கவில்லை. துன்பத்தின் காரணத்தை மட்டுமே காட்டிற்று. எஞ்சிய வழியை அவளே நடந்து, அறவண அடிகளிடம் அறங்கேட்டு, காஞ்சியிலே தவத்தைத் தொடங்கவேண்டியிருந்தது. அதன் பின்னும் பிறவி முடியவில்லை. வருங்காலப் பிறப்புக்கள் ஆணுருவில் வடதிசை மகதத்தில் நிகழுமெனக் கந்திற்பாவை முன்னரே கூறிவிட்டது.

இனி இடத்தை நோக்குவாம். மணிபல்லவம் புகாருக்குத் தெற்கே முப்பது யோசனைத் தொலைவில் உள்ளது எனக் காப்பியம் கூறும். யோசனையின் அளவு பற்றி ஒருமித்த கருத்து இல்லை. புலவர் கூறும் எண்ணை அளவுகோல் கொண்டு சோதிப்பதும் முறையன்று. ஆயினும் இன்றைய பூம்புகாரிலிருந்து நயினாதீவு ஏறக்குறைய நேர்தெற்கே, 170 கிலோமீற்றர் அளவில் உள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது. இதனினும் வலிய சான்று தீவதிலகையின் கூற்றிலே கிடைக்கின்றது. பீடிகையைக் காக்கும் இத்தெய்வம் மணிபல்லவத்தின் அயலிலே இரத்தினதீவம் உள்ளது என்றும், அங்குள்ள சமந்த மலையின் உச்சியிலே புத்தர் பாதம் உள்ளது என்றும் மணிமேகலைக்கு உரைக்கின்றது. சமந்தம் இன்றைய சிவனொளிபாதமலை என்பதில் ஐயமில்லை. ஆகவே இரத்தினதீவம் இலங்கை. மணிபல்லவம் அதனின் வேறாயினும் அதனை அடுத்துள்ள தீவு.

முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட ஆங்கில நூலாகிய பண்டைய யாழ்ப்பாணத்தில் மணிபல்லவத்தைக் குடாநாட்டோடு இணைத்துக் கண்டார். அவரது கல்வியும் உழைப்பும் பெரிதும் போற்றத்தக்கன. ஆயினும் சொல்லொலி ஒப்புமையைக் கொண்டு இடங்களைத் துணியும் அவரது முறையை இன்று நாம் முழுமையாகப் பின்பற்றல் இயலாது. வேறொரு தடையும் உண்டு. காப்பியத்து மணிபல்லவம் மணல் பரந்த, மக்கள் குடியிருப்பற்ற இடம். விழித்தெழுந்த மணிமேகலை அங்கு எவரையும் காணாது அலமருகின்றாள். குடாநாடோ அக்காலத்தில் வெறும் மணற்றிடர் அன்று. வல்லிபுரத்தில் 1936இற் கிடைத்த பொன்னேடு, வசப மன்னன் காலத்திலே, அதாவது கி. பி. 67 - 111 ஆண்டுகளுக்கிடையிலே, நாகதீவை இசிகிராயன் என்பான் ஆண்டபோது விகாரையொன்று அமைக்கப்பட்டதைப் பிராகிருத மொழியில் குறிக்கின்றது. நாகதீவு என்பது குடாநாட்டை உள்ளடக்கிய ஆட்சிப் பிரிவின் பெயராக வழங்கியதற்கு இது தக்க சான்று. கந்தரோடையும் ஆனைக்கோட்டையும் அதற்கு முந்திய குடியிருப்புக்களைக் காட்டியுள்ளன. ஆதலால் மணிபல்லவத்தைக் குடாநாட்டின் மேற்கே சிதறிக் கிடக்கும் தீவுகளுள் ஒன்றாகக் கொள்வதே பொருந்தும் என்பது எமது கருத்து. நயினாதீவே அது என்னும் மரபு இக்கருத்துக்கு மாறானதன்று. ஆனால் அதனை ஐயமற நிறுவும் கல்வெட்டு எதனையும் எவரும் காட்டியதில்லை.

பீடிகை பற்றிய கதை தமிழ்க் காப்பியத்துக்கு மட்டும் உரியதன்று. நாகதீபத்தை ஆண்ட மகோதரன், சூளோதரன் என்னும் மாமனும் மருகனும் மணியாசனம் ஒன்றின்பொருட்டுப் போர்தொடுக்க, புத்தர் தோன்றி அவர்களை அமைதிப்படுத்தினார் என மகாவம்சம் கூறுகின்றது. புத்தரின் இரண்டாவது இலங்கை வருகையாக அது கொள்ளப்படுகின்றது. மணிமேகலையிலும் நாகநாட்டு மன்னர் இருவர் பீடிகைக்காகப் போரிடுகின்றனர். புத்தர் அதில் அமர்ந்து அறமுரைக்கின்றார். இரு நூல்களும் ஒரே மூலக் கதையை அறிந்திருந்தன என்பது தெளிவு. வேறுபாடு எங்குளது? மகாவம்சத்தில் ஆசனம் புத்தர் இத்தீவுக்கு வந்தமைக்கு அடையாளமாக நிற்கின்றது. வழிபடுவோர்க்கு முற்பிறப்பை அறிவிக்கும் ஆற்றல் அதற்கு இருந்ததாக அந்நூல் கூறவில்லை. தமிழ்க் காப்பியத்தில் அவ்வாற்றலே ஆசனத்தின் பெருமை. ஒரே கல் ஒரு நூலுக்குத் தீவின் உரிமைச் சின்னமாகவும் மற்றதற்குத் தனிமனிதரின் நினைவுக் கருவியாகவும் அமைந்தமை நாம் ஆழ்ந்து நோக்கற்பாலது. தமிழ்ப் பௌத்தருக்கு இக்கரையின்மேல் அரசுரிமை நாட்டம் இருந்ததாகக் காப்பியத்திற் குறிப்பில்லை. அவர்கள் இங்கு வந்தது வழிபாட்டுக்காகவும், காற்றுக்காகவும்.

காற்று என்று நாம் கூறியது வேடிக்கைக்காக அன்று. மணிபல்லவம் காப்பியத்தில் எப்பொழுதும் கப்பல் தங்குமிடமாகவே காட்சியளிக்கின்றது. ஆபுத்திரன் சாவக நாட்டுக்குக் கலமேறிச் செல்லும்போது காற்று மாறுபட, கலம் இங்கு ஒருநாள் தங்குகின்றது. அவன் கரையில் இறங்கியதை அறியாது மாலுமிகள் இரவிற் பாய்விரித்துச் சென்றுவிடுகின்றனர். நாகநாட்டரசன் மகள் பீலிவளை சோழனுக்குத் தான் பெற்ற புதல்வனைக் கம்பளச் செட்டியின் கையில் ஒப்படைத்ததும் இத்தீவிலேதான். அக்கலம் அன்றிரவே உடைகின்றது. மகனை இழந்த மன்னன் இந்திரவிழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கின்றது. சோழர் தலைநகரின் அழிவுக்கே மணிபல்லவக் கடலில் உடைந்த ஒரு கலம் காரணமாகின்றது. பாக்கு நீரிணையின் ஆழமற்ற நீரையும் திடீரென மாறும் காற்றையும் அறிந்த எம் தீவகத்து மீனவருக்கு இச்செய்திகளில் விந்தை எதுவும் தோன்றாது. பல நூற்றாண்டுகளுக்குப் பின், 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டொன்று நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிற் காணப்படுகின்றது, பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டார் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும் என்றும், யானை, குதிரை கொண்டுவரும் கலம் உடையுமாயின் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு, எஞ்சியது உடையவனுக்கு என்றும், பிற வாணிகக் கலமாயின் பாதிப்பாதி என்றும் அது விதிக்கின்றது. கலமுடைதலுக்கெனத் தனிச் சட்டம் செய்யுமளவுக்கு அது இக்கடலில் வழக்கமான நிகழ்ச்சியாயிருந்தது. கம்பளச் செட்டியின் கதையைக் கற்பனை எனத் தள்ளுவோர் இக்கல்வெட்டைக் கருத்திற் கொள்வாராக.

காப்பியத்தின் காலம் பற்றியும் ஒரு சொல். சங்ககாலத்தை ஒட்டி அதனை வைப்போரும் உளர். இருபத்தொன்பதாம் காதையில் வரும் அளவையியற் பகுதி வடமொழி நியாயப்பிரவேசத்தோடு நெருங்கிய ஒப்புமை உடையதாதலால் ஆறாம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாக அதனைக் கொள்ளல் அரிது எனப் பலர் கருதுவர். நாமும் இக்கருத்தினரே. எனவே புலவர் பாடிய காலத்திற் புகார் பழங்கதை ஆகியிருந்தது. மணிபல்லவத்துக்குச் செல்லும் கடல்வழியோ மறைந்துவிடவில்லை.

ஆபுத்திரன் கதையை முழுமையாக நோக்காது இவ்வாராய்ச்சி நிறைவுறாது. மணிமேகலை தன் பழம்பிறப்பை மனத்தால் மட்டுமே உணர்ந்தாள். ஆபுத்திரனோ அதனைக் கண்ணாற் கண்டான். ஆளில்லாத் தீவில் எவருக்கும் உணவளிக்க வாய்ப்பின்றித் தானொருவனே உண்டு வாழ மனமில்லாது, அவன் அமுதசுரபியைக் கோமுகிப் பொய்கையில் விடுத்து, உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தான். மறுபிறப்பிற் சாவக நாட்டரசன் புண்ணியராசனாகி, மணிமேகலையின் சொற்கேட்டுக் கப்பலேறி மீண்டும் அதே கரைக்கு வருகின்றான். பீடிகையைக் காண்கின்றான். பின்னர் புன்னை மர நிழலில் மணலைத் தோண்டச் செய்து தன் பழைய உடம்பின் எலும்புக்கூட்டைத் தானே பார்க்கின்றான். எலும்புகள் கட்டுக் குலையாமல் கிடந்த நிலையைப் புலவர் விரித்துரைக்கின்றார். அக்காட்சியில் மன்னன் மயங்குகின்றான். மணிமேகலை, யான் உன்னை இங்கு வரவழைத்ததே உன் பழம்பிறப்பை நீ அறிந்து உலகெங்கும் உன் புகழ் நிலைக்கவேண்டும் என்பதற்காக என்ற கருத்துப்பட அவனைத் தேற்றுகின்றாள். தன் எலும்பின்முன் நிற்கும் மன்னனைக் காட்டும் இக்காட்சிக்கு நிகரான ஒன்றை நாம் வேறு தமிழ்க் காப்பியத்திற் கண்டிலோம்.

சாவக மன்னன் ஒருவன் தமிழ்க் கரையிற் பௌத்தத் தலத்தை நாடி வருதல் வெறுங்கதையாகத் தோன்றலாம். முதலாம் இராசராசன் காலத்தில், கி. பி. 1006ஐ ஒட்டி, சிறீவிசய மன்னனின் பெயரால் நாகபட்டினத்திற் சூளாமணி விகாரை எழுந்தது. அதற்குச் சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்த செப்பேடு லெய்டனில் நெடுங்காலம் இருந்தது. காப்பியப் புலவர் கற்பித்த கடல்வழி உறவு வரலாற்றில் உண்மையாக நிகழ்ந்தமைக்கு இது போதிய சான்று.

இனி எமது குடாநாட்டில் மணலுக்கடியில் கிடப்பவை பற்றி. போல் ஈ. பீரிஸ் 1917ஆம் ஆண்டளவிற் கந்தரோடையை அகழ்ந்தபோது முருகைக்கல்லாலான சிறு தூபிகள் பல வெளிப்பட்டன. பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தார் 1970இல் அங்கு மீண்டும் அகழ்ந்து தொன்மையான குடியிருப்பின் தடயங்களைக் கண்டனர். 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆனைக்கோட்டையிற் பெருங்கற்கால ஈமக்குழியொன்றிலிருந்து பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையை எடுத்தனர். இச்சான்றுகளை எதிர்கொள்வதில் எம்மவரிடையே இருவகை மனப்பாங்கு நிலவிவந்தது. பௌத்தச் சின்னம் எதனைக் கண்டாலும் அது சிங்களக் குடியேற்றத்தின் சான்று எனத் தென்னிலங்கையிற் சிலர் உரைக்க, அதனை மறுக்கும் அவசரத்தில் எம்மவர் சிலர் அச்சின்னங்களே இல்லாததுபோல் எழுதினர். சைவம் வேரூன்றிய சமூகத்தில் முன்னோர் பௌத்தராயிருந்தனர் என்பதை ஏற்பதில் ஒருவகைக் கூச்சமும் இருந்தது. இரு சாராரும் மதத்தையும் மொழியையும் ஒன்றாகக் கொண்ட பிழையையே செய்தனர். தமிழரிற் பௌத்தர் பலர் வாழ்ந்தனர் என்பதை மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட பௌத்தமும் தமிழும் என்னும் நூல் விரிவாகக் காட்டியது. உ. வே. சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோதே அச்சான்றின் பெரும்பகுதி எல்லார் கைக்கும் எட்டிவிட்டது. கந்தரோடைத் தூபிகளை அமைத்தோர் பேசிய மொழி யாதெனத் தூபிகளே கூறா. வல்லிபுரப் பொன்னேட்டின் பிராகிருதத்தைக் கொண்டு மக்களின் பேச்சுமொழியைத் துணிவதும் அக்காலத்துப் பிராகிருதம் எவ்வளவு பரந்து வழங்கியது என்பதை மறப்பதாகும். தமிழில் எழுந்த பௌத்தக் காப்பியம் தன் புனிதத் தலத்தை இக்கரையில் வைத்தது என்பதோ உறுதி. அத்தலத்துக்கு வந்தோருள் தமிழ் வணிகரும் இருந்தனர் என அதே நூல் கூறுகின்றது.

அவ்வணிகர் யாவர் என்பதையும் அறிந்துகொள்வோம். புண்ணியராசன் தன் எலும்பைக் கண்ட இடத்திலே தீவதிலகை வேறு சில எலும்புகளையும் காட்டுகின்றது. ஆபுத்திரனை மறந்து கலத்தைச் செலுத்திச் சென்ற பின், அவன் கலத்தில் இல்லாமையை உணர்ந்து, திரும்பிவந்து, அவன் இறந்து கிடத்தல் கண்டு, அங்கேயே தாமும் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட செட்டிகள் ஒன்பதின்மரின் எலும்புகள் அவை. மன்னன் தன் உடம்பை மணலிற் கண்டது போல, மறுபிறப்பெடுத்து வந்து தம் எலும்பைக் காண அவர்களுள் எவரும் வந்ததாகக் காப்பியம் கூறவில்லை. அவர்களின் பெயரையும் அது குறிக்கவில்லை.